வரைபடம் படித்த பெண்

எல்லோருக்கும் வணக்கம். திரையில் படமும் இசையும் இருக்க, வரி வரியாக வாசித்துப் போகும் கதைக்கு விஷுவல் நாவல் என்று பெயர். ஜப்பானில் கடாஓகா டோமோ எழுதி, 2005-இல் இலவசமாக வெளியான 'நார்சிசு' அப்படிப்பட்ட ஒன்று. அதில் வரும் செட்சுமியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஒரு மருத்துவமனையின் ஏழாவது மாடி. இனிப் பிழைக்க வழியில்லை என்றானவர்கள் இருக்கும் மாடி. செட்சுமிக்கு வயது 22. சின்ன வயதிலேயே நோய் வந்து மருத்துவமனையும் வீடுமாக அலைந்ததில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக முடியவில்லை. ஜப்பானில் ஒன்பது ஆண்டுப் படிப்பு கட்டாயம். மருத்துவமனைக்குள்ளேயே வகுப்பு நடத்தும் ஏற்பாடும் உண்டு. இருந்தும் உடம்பு ஒத்துழைக்காத பிள்ளைக்குப் படிப்பு எட்டாமல் போய்விடுகிறது.

அங்கே புதிதாக வருகிறான் இருபது வயது இளைஞன். மருத்துவமனையிலும் சாக வேண்டாம், வீட்டிலும் வேண்டாம் என்று இருவரும் அவனுடைய அப்பாவின் காரில் கிளம்பிவிடுகிறார்கள்.

இங்கேதான் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போகிறது. வழக்கமான கதையாசிரியர் என்றால் அவன் அவளுக்கு உலகத்தைக் கற்றுக்கொடுப்பதாக எழுதியிருப்பார். கடாஓகா அப்படிச் செய்யவில்லை. செட்சுமிக்குப் பிடித்தவை இரண்டு: சாலை வரைபடம், கார். வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து ஊர்ப் பெயர்களும் சாலைகளும் அவளுக்கு மனப்பாடம். ஸ்டியரிங் அவன் கையில்; எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்பவள் அவள். பள்ளிக்குப் போனவன் போகாதவளிடம் வழி கேட்கிறான். இதைப் படிப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதே நேரம், தாளில் மட்டுமே தெரிந்த ஊர் ஒவ்வொன்றும் கார் கண்ணாடிக்கு வெளியே கடந்து போகும்போது மனசு பதறுகிறது. அவளுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் நம்மைக் கேட்பதில்லை.

அவர்கள் போய்ச் சேரும் இடம் அவாஜி தீவு. 1998-இல் திறந்த அகாஷி பாலம் கோபே நகரத்தை அந்தத் தீவோடு இணைக்கிறது. தீவின் தென்கரைச் சரிவில் குளிர்காலத்தில் நார்சிசஸ் பூக்கும். கதையின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

முடிவை நான் சொல்லப்போவதில்லை. வாசிக்கும் முன் ஒரு வார்த்தை. தொடங்கும்போதே குரலோடு வேண்டுமா, குரல் இல்லாமலா என்று கேட்கும். குரல் இல்லாததையே முதலில் எடுங்கள். செட்சுமி அதிகம் பேசுகிறவள் இல்லை. முகத்தையும் அபூர்வமாகத்தான் காட்டுகிறார்கள். அவள் எப்படிப் பேசியிருப்பாள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அப்புறம் குரலோடு இன்னொரு முறை.