கொஞ்சம் என்பது எத்தனை கிராம்?

நடுவர் அவர்களே, கல்லடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வந்து நிறைந்திருக்கும் சபையோரே, வணக்கம். ‘கொஞ்சம் குடித்தால் பாதகமில்லை என்று பெண்களுக்குச் சொல்லலாமா?’ சொல்லக்கூடாது என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ‘அளவோடு’ என்ற சொல்லை அடிக்கடி சொன்னார். எந்த அளவு, ஐயா? பல நாடுகளில் 10 கிராம் தூய மதுசாரம்தான் ஒரு அலகு. நம்மூர்க் கடும் பியரில் மதுசாரம் 8.8 வீதம். 500 மில்லி ரின்னில் 44 மில்லி மதுசாரம். நிறை 35 கிராம். ‘ஒரு ரின்தானே’ என்பவர் மூன்றரை அலகு குடித்துவிட்டார். கால் போத்தல் சாராயம் 50 கிராமுக்குக் கிட்ட வரும்.

அதே ரின் பெண்ணின் உடம்பில் இன்னும் கடுமையாக வேலை செய்யும். மதுசாரம் உடலிலுள்ள நீரில்தான் பரவுகிறது. ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு அந்த நீர் குறைவு. ஆகவே இரத்தத்தில் செறிவு கூடும். ஈரல் அதை அசிற்றல்டிகைட் என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அது மரபணுவைச் சேதப்படுத்தும். ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோர்மோனும் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வழி இப்படித்தான் திறக்கிறது.

எண்ணிக்கை வேண்டுமா? 2025 ஜனவரியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவர் வெளியிட்ட அறிவுறுத்தலில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பானத்துக்கும் (அமெரிக்கக் கணக்கில் 14 கிராம் மதுசாரம்) குறைவாகக் குடிக்கும் 100 பெண்களில் 17 பேருக்கு வாழ்நாளில் மதுசாரத்தோடு தொடர்புள்ள புற்றுநோய் வரும். தினம் ஒன்று குடித்தால் 19, இரண்டு குடித்தால் 22. ஊரே அழியும் என்று நான் பயமுறுத்தவில்லை. தினம் ஒன்று குடிப்பதால் நூறில் கூடும் அந்த இரண்டு பேர் யாரென்று முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான்.

‘இதயத்துக்கு நல்லது’ என்றார்கள். பழைய ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்து குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்’ பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குடிப்பவர் சுகதேகியாகத்தானே தெரிவார்!

இனி, பிள்ளை பெற்றவளுக்கு முட்டைக் கோப்பியில் விடும் பிராந்தி. அதை மருந்து என்றார் எதிரணித் தலைவர். 30 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 9 கிராம் மதுசாரம். இரத்தத்தில் எவ்வளவோ பாலிலும் அவ்வளவு. அரை மணி முதல் ஒரு மணிக்குள் உச்சத்துக்குப் போகும். உடம்பை விட்டு நீங்க இரண்டு மூன்று மணித்தியாலம். பாலைப் பீய்ச்சி ஊற்றினால் சரியாகிவிடும் என்பதும் பிழை; இரத்தத்தில் இருக்கும்வரை புதிதாக ஊறும் பாலிலும் வரும். பால் இறங்க ஒக்சிரோசின் என்ற ஹோர்மோன் வேண்டும், மதுசாரம் அதைத்தான் அமுக்குகிறது. பால் கூடட்டும் என்று கொடுப்பதே பாலை மறிக்கிறது, அம்மா! மிளகு, சீரகம் அரைத்த சரக்குக் கறி தாராளமாகக் கொடுங்கள், கோப்பியும் கொடுங்கள், அந்தப் போத்தலைத் தள்ளி வையுங்கள்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பாதுகாப்பான அளவென்று ஒன்று கண்டறியப்படவே இல்லை. மதுசாரம் நச்சுக்கொடியைத் தாண்டும். அந்தச் சின்ன ஈரலால் அதை முறிக்க முடியாது.

‘பெண்ணை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?’ நியாயமான கேள்வி. இலங்கையில் பெண்ணுக்கு மது விற்கக்கூடாதென்ற 1955ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாளில் திரும்பப் போட்டார்கள். இத்தனை இழுபறியிலும் அவளுக்கு ஒரு கிராம் கணக்குச் சொன்னவர் இல்லை. நாங்கள் கேட்பது தடையல்ல, கணக்கு. கிளினிக்கில் மருத்துவமாது ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால் தாய் ‘இல்ல’ என்றுதான் சொல்வாள். ‘கோப்பியில என்ன விட்டுத் தாறாங்க, எத்தன மூடி?’ என்று கேட்கட்டும், நடுவர் அவர்களே.