குசாட்சு வெந்நீரில் மூன்று நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டோக்கியோ பார்த்த கையோடு ஒரு வெந்நீர் ஊற்று ஊரிலும் தங்க ஆசைப்படுகிறார்கள். குன்மா மாகாணத்து மலையில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் குசாட்சுவைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம், பிறகு பேருந்தில் அரை மணிக்கும் குறைவு.

ஆனால் அங்கே ஊறி வருவது அமிலம். ஊர் நடுவே இருக்கும் யுபடாகே ஊற்றின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த நீர் போய்ச் சேரும் ஆற்றில் 1964 முதல் இடைவிடாமல் சுண்ணாம்புக் கரைசலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இரும்பையும் காங்கிரீட்டையும் அரித்துவிடும், மீனும் பிழைக்காது.

ஊற்று நீர் அப்படியே குளிக்க முடியாத கொதி. பச்சைத் தண்ணீர் கலந்தால் சத்து நீர்த்துவிடும் என்று, யுபடாகேயில் நீண்ட மரத்தொட்டிகள் வழியாக ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். தொட்டியில் படியும் கந்தகத்தைச் சுரண்டி எடுத்து, குளியல் பொடியாக விற்கிறார்கள். குளியல் கூடத்துக்கு வந்த பிறகும் சூடு தணியாவிட்டால், ஆள் உயரப் பலகையால் நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவது பழைய முறை. இன்று அது பாட்டோடு காட்சியாக நடக்கிறது.

பழைய சிகிச்சைக் குளியலில் நீர் 48 டிகிரி வரை இருக்கும், உள்ளே இருப்பது மூன்றே நிமிடம். இறங்குவதற்கு முன் பின்னந்தலையில் முப்பது முறை வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். திடீரென்று சூட்டில் இறங்கினால் ரத்தம் தோல் பக்கம் பாய்ந்து தலை சுற்றும். நமக்கு 42 டிகிரித் தொட்டியே போதும். கால், இடுப்பு, தோள் என்று கீழிருந்து ஊற்றிக்கொண்டு, கடைசியில் பின்னந்தலையில் பத்து முறையாவது ஊற்றிவிட்டு இறங்குங்கள். மூன்று நிமிடத்தில் ஏறி, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். எழும்போது மெதுவாக.

ஆடையோ நீச்சலுடையோ கூடாது. ஆண், பெண் தனித்தனி. கூச்சமாக இருந்தால் விடுதியில் வாடகைக்குக் கிடைக்கும் தனிக் குளியலறையை முன்பே பதிவு செய்யுங்கள். சிறு துண்டு தலைமேல் இருக்கட்டும், நீரில் படக் கூடாது. சிராஹாத்தா நோ யு போன்ற பொதுக் கூடங்களில் கட்டணம் கிடையாது, ஷவரும் கிடையாது. சோப்பைக் கொண்டுபோயும் பயனில்லை, அமில நீரில் நுரைக்காது.

நம்மவர்கள் மறப்பது வெள்ளி. கொலுசு, மெட்டி, குழந்தையின் அரைஞாண் எல்லாம் கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். அறையிலேயே கழற்றி வையுங்கள். காலையில் சவரம் செய்த முகத்தில் இந்த நீர் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு இறங்கவே கூடாது. மற்ற ஊற்றுகளில் குளித்தபின் உடம்பைக் கழுவாதீர்கள் என்பார்கள். இங்கே மெல்லிய தோல்காரர்கள் கழுவிவிடுவதே நல்லது. குளிர்காலத்தில் உடை மாற்றும் அறை சில்லிட்டிருக்கும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் அந்தக் குளிரிலிருந்து நேரே கொதிநீரில் இறங்குவது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மது அருந்திவிட்டு யாருமே இறங்கக் கூடாது.

காசு கொடுத்து வந்தாயிற்றே என்று ஒரே நாளில் ஐந்தாறு முறை குளிப்பவர்கள் உண்டு. மறுநாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கும், குமட்டும். முதல் நாள் ஒன்று, பிறகு நாளுக்கு இரண்டு போதும். முற்காலத்தில் வாரக்கணக்கில் இங்கே தங்கிக் குளித்தவர்களுக்கு அக்குளும் தொடை இடுக்கும் புண்ணாகிவிடும். அவர்கள் ஊர் திரும்பும் வழியில் சாவாதாரி, ஷிமா ஊற்றுகளின் மென்மையான நீரில் சில நாள் குளித்துத் தோலை ஆற்றிக்கொள்வார்கள். இரண்டுக்கும் அதே ரயில் பாதையில் உள்ள நாகானோஜோ நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ஒரு இரவு மிச்சமிருந்தால் அதைக் குசாட்சுவில் கழிக்காமல் சாவாதாரிக்கு வையுங்கள். நன்றி, வணக்கம்.