தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பாதை குறைகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் ஆண்டு மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதற்கு முன்பு பம்பாய்ப் பக்கத்தில் மட்டும்தான் மின்சார ரயில் இருந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் நகரத்தோடு சேர்ந்து வளர்ந்ததில் இந்த எலக்ட்ரிக் ட்ரெயினுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலக் குறுகிய பாதை. அந்தப் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓடியது 2004 ஜூலை 1-ஆம் தேதி. அப்புறம் முழுக்க அகலப் பாதை ஆகிவிட்டது.

இப்போது இந்தத் தடத்தை மேம்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஏசி வண்டியைத்தான் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 19-ஆம் தேதி, சென்னையின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தயாரித்த 12 பெட்டி ஏசி மின்சார ரயில் கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கியது. கதவு தானாக மூடிக்கொள்ளும், படிக்கட்டில் தொங்க வழியே இல்லை. நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய் என்று தொடங்கினார்கள். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்கள் ஏறும் வண்டி அந்தச் சாதாரண வண்டிதான். ஏசி வண்டி கூடுதலாக வரட்டும். சாதாரண வண்டியின் நேரத்தை எடுத்துக்கொண்டு அது வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பயணிக்கு முதலில் வேண்டியது, ஒரு வண்டியை விட்டால் அடுத்தது சீக்கிரம் வரவேண்டும். அதைத் தீர்மானிப்பது தண்டவாளம்.

எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு பாதைகள். இரண்டில் மின்சார ரயில் தனியாக ஓடலாம், மற்ற இரண்டு விரைவு வண்டிகளுக்கு. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நீண்ட காலம் மூன்றுதான் இருந்தது. அங்கே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை - வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாத வேலை என்று சொன்னார்கள்; வண்டி மறுபடி கடற்கரைக்கு வந்தபோது 2024 அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. வேளச்சேரிப் பக்கத்து மக்கள் பதினான்கு மாதம் பட்ட பாடு அந்த 4.3 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தப் பாதையின் பலன் அவர்களுக்கும் முழுதாகக் கிடைக்க வேண்டும்.

தாம்பரம் தாண்டினால் மறுபடியும் மூன்று பாதை. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில் என்று வீடுகள் பெருகிக்கொண்டே போவது இந்தப் பக்கம்தான். தென்மாவட்ட விரைவு வண்டிகள் வரிசையாகச் சென்னைக்குள் நுழைகிற காலை நேரமும், கூடுவாஞ்சேரியில் அலுவலகக் கூட்டம் ஏறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. விரைவு வண்டி, சரக்கு வண்டி, மின்சார ரயில் மூன்றும் இருக்கிற பாதைகளைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. விரைவு வண்டிக்கு வழிவிட்டு லோக்கல் வண்டி நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு வேலையிடத்தில் அரை நாள் சம்பளம் போகிறது. தாம்பரம் - செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு 2025-இல் ஒப்புதல் கிடைத்தது. இந்தத் தடத்தில் எதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இதற்குத்தான்.

பாதை போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. குரோம்பேட்டை ராதா நகர் கேட் மாதிரியான இடங்களில் ஆண்டுக்கணக்காக மக்கள் நின்றது உங்களுக்குத் தெரியும். சாலையில் நிற்பவருக்கு ரயிலால் தாமதம் என்று தோன்றும். ரயிலுக்கும் அங்கே தாமதம்தான். கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. கேட் முழுசாக இறங்கிப் பூட்டினால்தான் வண்டி போகச் சிக்னல் விழும். கடைசி நொடியில் ஒரு ஆட்டோ நுழைந்து, பின்னாலேயே இரண்டு பைக் நுழைந்தால், கேட்மேன் கம்பியை இறக்க முடியாது. வண்டி சிவப்பு விளக்கைப் பார்த்து வேகம் குறைகிறது. அதன் பின்னால் வருகிற வண்டிக்கு மஞ்சள், அதற்கும் பின்னால் இரட்டை மஞ்சள்; இரண்டுமே எச்சரிக்கை விளக்குகள். ஒரு ஆட்டோவின் அவசரம் மூன்று வண்டிகளின் நேரத்தைத் தின்றுவிடுகிறது. சுரங்கப்பாதையும் மேம்பாலமும் ரயில் திட்டத்தோடு சேர்ந்தே முடிய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பரங்கிமலையில் 2018 ஜூலை 24-ஆம் தேதி நடந்ததை மறக்கக்கூடாது. மின்கம்பி அறுந்ததால், திருமால்பூர் போகும் மின்சார ரயிலை விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டி நிலையத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவர். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்து உயிரிழந்தார்கள். இளைஞர்கள் சாகசத்துக்காகத் தொங்கினார்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. காலை நெரிசலில், முந்தைய வண்டிகள் வராத நிலையில், உள்ளே கால்வைக்க இடமில்லாமல் தொங்கியவர்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது பெட்டி வண்டியைப் பன்னிரண்டு பெட்டியாக்கினால் அதே ஓட்டுநர், அதே நேர அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு இடம் கூடுகிறது. இதைவிடச் சீக்கிரம் பலன் தரும் வேலை குறைவு.

நடைமேடை உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். மின்சார ரயிலின் தளம் அதைவிட நன்றாக மேலே இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மா ஒருவர் காய்கறிக் கூடையை முதலில் உள்ளே தள்ளி, கம்பியைப் பிடித்து எம்பி ஏறுவதை எந்த நிலையத்திலும் பார்க்கலாம். மும்பையில் 2014-இல் ஒரு மாணவி இந்த இடைவெளியில் விழுந்து இரண்டு கைகளை இழந்த பிறகு, நீதிமன்றம் தலையிட்டு, நடைமேடைகளை 900 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தும் வேலை வேகம் பிடித்தது. நம் தடத்தில் அப்படி ஒரு விபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நான்காவது பாதைக்காக நிலையங்களில் எப்படியும் கைவைக்கத்தான் போகிறார்கள். அந்த வேலையிலேயே நடைமேடையையும் உயர்த்திவிடலாம், மின்தூக்கியும் வைத்துவிடலாம். வரைபடம் தயாராகும் நேரத்திலேயே பயணிகள் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.