பயாப்ஸியிலேயே தெரிந்த பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?

(காட்சி: காரைக்குடி, ஒரு ஸ்கேன் மைய வரவேற்பறை)

மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயாப்ஸி, அதாவது அதிலிருந்து ஒரு துணுக்கு சதை எடுத்துச் சோதிப்பார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது அந்தச் சதைத்துணுக்குதான்.

“அதான் தெரிஞ்சுபோச்சே, ஆச்சிக்கு இன்னும் எதுக்கு ஸ்கேன்?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பயாப்ஸி சொல்லாது. அதற்குத்தான் காந்தத்தால் உள்ளுறுப்புகளைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

(காட்சி: கர்ப்பப்பையின் குறுக்குவெட்டுப் படம், சுவரின் நடுவே ஒரு கோடு)

இந்தக் கோட்டைப் பாருங்கள். கர்ப்பப்பையின் தசைச் சுவரில் புற்று பாதிக்கும் குறைவாக நுழைந்திருக்கிறதா, பாதியைத் தொட்டுத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடும். ஆபரேஷனின் அளவும் மாறலாம். கர்ப்பப்பை வாயின் தசைக்குள் இறங்கியிருந்தால் திட்டமே வேறு. எம்.ஆர்.ஐ.யில், உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் மருந்தை ஏற்றிய பிறகு எடுக்கும் படங்களில் சுவர் நன்றாக வெளுத்துத் தெரியும், புற்று மங்கலாக நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஆழத்தை அளக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நுரையீரல், வயிறு பக்கம் பரவியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

எம்.ஆர்.ஐ.யும் ஏமாறும். நார்க்கட்டிகள் இருந்தால் எல்லை குழம்பும். நிணநீர் முடிச்சின் பருமனைத்தான் அது பார்க்கிறது. சாதாரண அளவு முடிச்சுக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய புற்றுச் செல்கள் அதன் கண்ணுக்குப் படாது. ஆகவே கடைசிக் கணக்கு, எடுத்த சதையை லேபில் பார்த்த பிறகுதான்.

(காட்சி: தாலிச் சங்கிலியில் தொங்கும் ஊக்குகள்)

இனி, ஸ்கேனுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. தாலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு இரும்பு, காந்தம் இழுத்துவிடும். அதைக் கட்டாயம் கழற்றுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடேறலாம், படத்தையும் கெடுக்கும். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்பைக் கட்டிக்கொண்டு போகலாம். மூக்குத்தித் திருகாணி இறுகிப்போயிருந்தால் முந்தின நாளே ஆசாரியிடம் காட்டிவிடுங்கள். ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டு திருகிப் பார்ப்பது பெரிய அவஸ்தை. மெட்டியும் அப்படித்தான்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து ஏற்றும் முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள். சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். குடல் அசைந்தால் படம் கலங்கும் என்பதால் அதை அடக்க ஊசியும் போடலாம்.

ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட் தாளோடு விடாதீர்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். அங்கே உள்ளவர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே ஒருமுறை பார்ப்பார்கள்.