அப்பத்தா பொறந்த ஊரு எது?

எல்லாருக்கும் வணக்கம். மைக் செட்டு தம்பி, அந்த எக்கோவைக் கொஞ்சம் கொறச்சு வைப்பா, நான் பேசுறது எனக்கே ரெண்டு தடவ கேக்குது.

குடும்ப வேரைப் பத்திப் பேசுங்கன்னு சொல்லிருக்காக. வழக்கமா இதுக்கு மேடை ஏறுனா சேதுபதி மகாராசா செப்பேட்டுல ஆரம்பிச்சு எங்க பரம்பரை அப்பேர்ப்பட்டது இப்பேர்ப்பட்டதுன்னு ஒரு மணி நேரம் ஓட்டலாம், கைதட்டும் கெடைக்கும், நான் அந்தப் பக்கம் போகல. வேர் தேடுறேன்னு கெளம்புறவுக எல்லாம் அப்பா, ஐயா, பாட்டையான்னு ஆம்பள வழியவே புடிச்சுக்கிட்டுப் போறாக, மூணு தலமுறையில முட்டிக்கிட்டு நிக்கிறாக. வாக்கப்பட்டு வந்த பொம்பளைக எந்த ஊருன்னு கேக்குறதே இல்ல. அங்கதான் பாதிக் கதை கெடக்குது.

எங்க ஐயா வழி திருப்பாலைக்குடி, வடகடல் ஓரம். அவர் என்ன வலை வச்சிருந்தாரு, வத்தைப் படகை யாருக்கு வித்தாரு, யார்கூட பங்குச் சண்டை, எல்லாம் வீட்ல மனப்பாடம். அப்பத்தா கதை யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், ஏன்னா சின்னப்புள்ளையில கருவாடு காயப்போட்ட எடத்துல காக்கா வெரட்டுற வேலை எனக்கு, கூலி ஒரு துண்டு கருப்பட்டி. அப்பத்தா பக்கத்துல உக்காந்து ஓலைக்கொட்டான் மொடஞ்சுக்கிட்டே பேசும், தலையாட்டுனா காதுல கெடக்குற தண்டட்டியும் சேந்து ஆடும், நான் கதையைக் கேட்டனா தண்டட்டியைப் பாத்தனான்னு இப்ப சொல்லத் தெரியல. தனுஷ்கோடியில பொறந்தது. மெட்ராஸ்லருந்து போட் மெயில் ரயிலு வந்து நிக்குமாம், எறங்குன சனம் பெட்டி படுக்கையோட நேரா கப்பல்ல ஏறி சிலோன்ல தலைமன்னார் போகுமாம், இர்வின், கோஷன்னு ரெண்டு கப்பல், அப்பத்தா வாயில அது கோசன். கப்பல் வர்ற நேரத்த வச்சுத்தான் அங்க ஒல வைப்பாகளாம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் எல்லாருக்கும் தெரியும், பாம்பன்லருந்து போன ரயிலையே ஆளுகளோட கடல் எடுத்துருச்சு. அப்பத்தா அதுக்கு முந்தியே கல்யாணமாகி இங்க வந்துருச்சு. ஆனா அதோட பொறந்த வீடு, தெரு, பள்ளிக்கூட ரிஜிஸ்தர், தபாலாபீசு ஒண்ணும் மிஞ்சல. பொறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு பூரா ஒரே சட்டம்னு போட்டதே 1969லதான், அதுக்கு முந்தின காயிதத்த நம்ம கடக்கரையில தேடிப் புடிக்கிறது லேசுல நடக்காது.

அப்ப எங்க போய்த் தேடுறது? பீரோ மேல. மொய் நோட்டு இருக்கும் பாருங்க. எங்க அத்தை காதுகுத்து நோட்டு ஒண்ணு கரையான் அரிச்சது போக மிச்சம் கெடைச்சுச்சு. மேல பிள்ளையார் சுழி, அடுத்த வரியே தாய்மாமன் செய்முறை, ஊருன்னு போட்ட எடத்துல "தனுஷ்கோடி, இருப்பு பாம்பன்". புயலுக்கு அப்புறம் எழுதுனது. ஊரே இல்ல, ஆனா அவுகளுக்கு ஊரு அதுதான், இருக்குற எடம் மட்டும் பாம்பன். எந்தத் தாலுகா ஆபீசுல இத எழுதி வச்சிருப்பாக? தாய்மாமன்தான் மொதல்ல எழுதணும், அதனால பழைய நோட்டு ஒவ்வொண்ணுலயும் மொத வரி உங்க ஆத்தா வழியக் காட்டிக்குடுத்துரும். அதத்தான் நம்ம வீடு காலி பண்ணும்போது பழைய பேப்பரோட எடைக்குப் போடுறோம்.

இந்த விசயத்துல கீழக்கரைக்காரங்க நம்மளவிட விவரம். அங்க மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போயி இருக்குறது வழக்கம், வீடு பொம்பளப்புள்ளைக்குத்தான், அதனால ஒரு வீட்டுப் பத்திரத்த எடுத்தாலே அம்மா, உம்மம்மான்னு மேல ஏறிக்கிட்டே போகலாம், கல்யாண தப்தர், அதான் பதிவுப் புத்தகம், ஜமாத்துல தனியா இருக்கும். கோயில்ல ஞானஸ்நானப் புத்தகம் வச்சிருக்குற வேதக்கார ஊர்கள்ல அம்மா பேரும் ஞானத்தாய் பேரும் சேத்தே எழுதிருப்பாக, சாமியார்கிட்ட மரியாதையா கேட்டா காட்டுவாரு. பழைய பத்திரத்துல ராம்நாடு ஜில்லான்னு பாத்தா கொழம்பிராதீங்க, 1910ல உண்டான ஜில்லா, 1985 வரைக்கும் சிவகங்கை, விருதுநகர் பக்கமெல்லாம் அதுக்குள்ளதான், அதனால பாட்டி ஊரு இன்னைக்கு வேற மாவட்டத்துல கெடக்கலாம்.

சிலோன்லருந்து திரும்பி வந்த குடும்பங்க இங்க நெறையப் பேரு இருக்கீக. தோட்ட வேலைக்குப் போன சனம் மண்டபம் கேம்ப்ல தங்கி, காலரா பிளேக் இல்லன்னு பாத்த பெறகுதான் கப்பல் ஏறுனாக, 1964 அக்டோபர் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் பேரப்புள்ளைக அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்தாக. அப்பக் குடுத்த குடும்ப அட்டைய தயவுசெஞ்சு லேமினேட் பண்றேன்னு கெடுக்காம போட்டோ எடுத்து வைங்க.

இன்னொண்ணு இருக்கு, மேடையில சொல்லலாமான்னு தெரியல, சொல்லிடுறேன். எழவு வீட்டுல ஒப்பாரி வைக்கிற பொம்பளைக பொறந்த ஊரு பேரச் சொல்லி, அண்ணன் தம்பி பேரச் சொல்லித்தான் அழுவாக. பொறந்த வீட்டுக் கோடித்துணி வந்தாத்தான் பொணம் எடுப்பாக. எங்க அப்பத்தா செத்தப்ப கோடி கொண்டாந்தது தங்கச்சிமடத்துலருந்து ரெண்டு பேரு, அவுக யாருன்னே எங்க அப்பாவுக்குத் தெரியல, விசாரிச்சா அப்பத்தாவோட அண்ணன் பேரப்புள்ளைக. நான் இன்னைக்கும் அவுகளோட பேச்சுவார்த்தையில இருக்கேன், அவுக கையில இன்னொரு நோட்டு இருக்குது, அதுல தனுஷ்கோடித் தெருப் பேரோட ஆளுக பேரு வரிசையா இருக்குது, பாதி மை அழிஞ்சுபோச்சு.

அதுல வர்ற ஒரு சங்குகுளி வீட்டுக்காரவுக திருப்புல்லாணிப் பக்கம் வந்துட்டதா கேள்வி. கூட்டத்துல யாருக்காவது தெரிஞ்சா போகும்போது என்னயப் புடிங்க. நான் ரொம்ப நேரம் பேசிட்டேன், பின்னாடி வேப்பமரத்துக்கிட்ட உக்காந்திருக்காக பாருங்க ரெண்டு பாட்டி, வந்ததுலருந்து அவுகளுக்குள்ளயே பேசிக்கிட்டிருக்காக, தம்பி, அந்த மைக்க அங்க கொண்டு போய்க் குடு.