ஓகினாவாவின் இரண்டு குகைகள்

[காட்சி: மரங்கள் அடர்ந்த ஓடைப் பள்ளம். கீழே இருண்ட குகை வாய்.]

ஜப்பானின் தெற்குக் கோடியில் உள்ள ஓகினாவா தீவு. ஊர் யோமித்தான். 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கிய கடற்கரை இங்கிருந்து நடை தூரம்தான். இந்தச் சுண்ணாம்புக் குகையின் பெயர் சிபிச்சிரி காமா. 'காமா' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் குகை.

உள்ளே பதுங்கியிருந்தவர்கள் சுமார் 140 ஊர்மக்கள். எதிரியிடம் சிக்கினால் ஆண்களைச் சித்திரவதை செய்வான், பெண்களைச் சீரழிப்பான் என்று ஜப்பானிய ராணுவம் சொல்லிச் சொல்லி ஏற்றிவைத்த பயம் அவர்களுக்கு. மறுநாள் எண்பதுக்கும் மேற்பட்டோர் பிணமாகக் கிடந்தார்கள். பெற்றவர்களே பிள்ளைகளைக் கொன்றிருந்தார்கள்.

[காட்சி: அதே ஊர், வேறொரு குகை.]

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி ஷிமுக்கு காமா. இங்கே சுமார் 1,000 பேர். பயம் இவர்களுக்கும் அதேதான். ஆனால் கூட்டத்தில் இருவர் முன்பு பிழைப்புக்காக ஹவாய் போய்த் திரும்பியவர்கள். ஆங்கிலம் தெரியும், அமெரிக்கர்களைப் பார்த்துப் பழகியவர்கள். வெளியே போய்ப் பேசினார்கள். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

போருக்குப் பின் சிபிச்சிரியைப் பற்றி ஊர் வாய் திறக்கவில்லை. நடந்தது 1983-இல்தான் விரிவாக வெளிவந்தது. இடையில் 38 ஆண்டுகள். மறந்துபோன மௌனம் அல்ல இது. கொன்ற கையும் இறந்த பிள்ளையும் ஒரே வீடு என்றால், துக்கம் விசாரிக்க வருபவரிடம் என்ன சொல்வது?

பெயர் வைப்பதிலும் சண்டை. வழக்கில் இருப்பது 'கூட்டுத் தற்கொலை' என்ற சொல். தீவில் பலர் அதை ஏற்பதில்லை. 'கட்டாயக் கூட்டு மரணம்' என்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவம் கட்டாயப்படுத்தியதைச் சொல்லும் வரிகளைப் பாடநூல்களிலிருந்து நீக்க 2007-இல் டோக்கியோ முனைந்தபோது, அந்தச் செப்டம்பரில் கினோவான் நகரில் மாபெரும் கூட்டம் திரண்டது.

[காட்சி: கடலை நோக்கி வரிசை வரிசையாகக் கருங்கல் சுவர்கள்.]

இது தெற்கு முனையில் உள்ள மபுனி. சண்டை ஓய்ந்த நாளாகத் தீவு நினைவுகூரும் ஜூன் 23 அன்று, 1995-இல் திறக்கப்பட்ட நினைவுச் சுவர்கள். 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஓகினாவா மக்களின் பெயர்களோடு ஜப்பானிய, அமெரிக்க வீரர்களின் பெயர்களும், கொரியர்களின் பெயர்களும் உண்டு. தீவுவாசிகளில் நான்கில் ஒருவர் அந்தப் போரில் இறந்ததாகச் சொல்வார்கள்.

சில இடங்களில் பெயரே இல்லை. 'இன்னாரின் மூத்த மகன்', 'இன்னாரின் குழந்தை' என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. குடும்பம் முழுவதும் அழிந்துபோனால் குழந்தையின் பெயரைச் சொல்ல யார் மிஞ்சுவார்கள்?

இன்றும் ஆண்டுதோறும் புதிய பெயர்கள் சேர்கின்றன. ஜூன் 23 காலையில் முதியவர்கள் தங்கள் ஊர்ச் சுவரைத் தேடி வந்து, பூ வைத்து, கல்லைத் துடைத்து, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டுகிறார்கள்.