தசாவதாரமும் கண்ணப்பரும்

நேயர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை எழுந்துவிடும். "சார், இது தசாவதாரத்துலயே இருக்குல்ல? முதல்ல மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி." ஆரம்பத்தில் நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், பாடம் சுலபமாகப் பிடிபடட்டுமே என்று. அது தப்பு.

அப்படிப் படித்த பிள்ளைக்குப் பரிணாமம் ஓர் ஏணியாகவே மனதில் பதிந்துவிடுகிறது. கடைசிப் படியில் மனிதன்! டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலில் இருப்பது ஒரே ஒரு படம்தான். அதில் ஏணி இல்லை, கிளை கிளையாகப் பிரியும் கோடுகள். பிறகு நான் வேறு மாதிரி சொல்லத் தொடங்கினேன். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடும் பங்காளிகளைப் பாருங்கள். ஒருவருக்கு ஒருவர் தகப்பன் இல்லை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு முன்னோர் உண்டு. குரங்கும் நாமும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. அவதாரக் கதை பக்தியில் சொன்னது. அதை அறிவியல் பரீட்சை எழுத வைப்பது அந்தக் கதைக்கும் மரியாதை இல்லை.

சரி, மதத்துக்கு இங்கே வேலையே இல்லையா? என் பெரியப்பா மகன் இறந்த அன்று கண்தானம் கேட்டேன். மதினி, "அடுத்த பிறவியில கண்ணில்லாமப் பிறந்துட்டா என்ன தம்பி பண்றது?" என்றார். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், முகம் கெடாது என்றெல்லாம் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தேவாரம் பாடும் சித்தப்பா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆத்தா, கண்ணப்பரு தன் கண்ணையே பேத்து அப்புனாரு. சாமி அவரக் குருடாவா விட்டாரு?" மதினி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தலையசைத்தார்.

கருவிழி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கண்ணப்பரிடம் கேட்க முடியாது. கொடுக்கலாமா என்பதை நான் படித்த உயிரியலும் மதினிக்குச் சொல்லவில்லை. அவர் முடியாது என்றிருந்தால் பேசாமல் எழுந்து வந்திருப்பேன். அதற்காக நம்பிக்கையின் பேரில் வரும் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். கொள்ளி வைக்க ஆண் பிள்ளை வேண்டும் என்று சொல்லிப் பெண் கருவை அழித்த வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994-ல் சட்டமே வர வேண்டியிருந்தது. அதையும் வகுப்பில் மறைக்காமல் பேசியிருக்கிறேன்.

அன்று மின்விசிறியை நிறுத்தினோம். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தோம், தலையைத் தலையணையில் உயர்த்தினோம். கண் வங்கி ஆட்கள் வந்து போன பிறகு மதினி கேட்டார்: "ரெண்டு கண்ணும் ஒருத்தருக்கா தம்பி?"

"இல்ல மதினி, ரெண்டு பேருக்குப் போகலாம்" என்றேன். அதுவரை அடக்கி வைத்திருந்தவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

நன்றி, வணக்கம்.